அணைந்து அணைந்து எழும் ஃபைபர் லிங்க்: கன்வெர்ட்டரையே ஓட்டுவதா, எஸ்எஃப்பி சுவிட்சுக்கு மாறுவதா?

ஏற்காட்டு எஸ்டேட்டில் பங்களாவிலிருந்து காபி களத்து அலுவலகத்துக்கு ஒரே இழை (கோர்) உள்ள ஃபைபர் கேபிள். கொண்டலாம்பட்டியில் தறிக்கூடத்திலிருந்து குடோனுக்கு இன்னொன்று. கேபிள் இழுக்க வருபவர்கள் பெரும்பாலும் இரு முனையிலும், ஃபைபர் ஒளியை லேன் கேபிளுக்கு மாற்றும் ஒரு மீடியா கன்வெர்ட்டரையும் 5 வோல்ட் அடாப்டரையும் மாட்டிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பிறகு பெட்டி தானாக அணைந்து அணைந்து எழும். பில் போடும் நேரத்தில் லிங்க் போகும், இரண்டு நிமிடத்தில் திரும்பி வரும். அப்போது கன்வெர்ட்டரைச் சரிசெய்து ஓட்டலாம், அல்லது எஸ்எஃப்பி துளை (ஃபைபர் மாட்யூலைச் செருகும் இடம்) உள்ள, தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய மேனேஜ்டு சுவிட்சை இரு முனையிலும் வைக்கலாம். நாங்கள் சொல்வது சுவிட்ச்.

வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான், 1 ஜிகாபிட். தூரமும் அப்படியே, 20 கிலோமீட்டர் வகைதான் சாதாரணமாகக் கிடைக்கும். விலையில் கன்வெர்ட்டர் குறைவு. இதையெல்லாம் வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. பழுது எங்கே என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிறதா என்பதுதான் கேள்வி. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போன பிறகு, கோளாறுக்கு வேண்டிய பொருளைக் கொண்டுவரவில்லை என்று தெரிந்தால் அந்த நாளே போய்விட்டது.

கன்வெர்ட்டர் பேசுவது விளக்கு மூலமாக மட்டும். லிங்க் விழும் அந்த நொடியில் பவர் விளக்கும் சேர்ந்து அணைந்தால் கோளாறு மின்சாரத்தில். இரு முனையிலும் பவர் நிலையாக எரிந்து ஃபைபர் விளக்கு மட்டும் போனால் கோளாறு ஒளியில். ஃபைபர் விளக்கும் நின்று எரிய, லேன் விளக்கு மட்டும் விழுந்தால் செம்புக் கேபிளைப் பாருங்கள். ஒரு பொறி உண்டு: சில கன்வெர்ட்டர்களில் எல்எஃப்பி என்ற சின்ன சுவிட்ச் இருக்கும். அது ஆனில் இருந்தால், ஃபைபர் விழுந்ததும் லேன் பக்கத்தையும் பெட்டியே விழ வைக்கும். லேன் கேபிள் கெட்டது என்று எண்ணி அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சோதிக்கும்போது இரு முனையிலும் அதை ஆஃபில் வையுங்கள்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை. உள்ளே கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலும், சும்மா அளந்தால் மல்டிமீட்டர் 5.1 வோல்ட் காட்டும். பெட்டி ஓடும்போதே அளக்க வேண்டும், 4.75க்குக் கீழே இறங்கினால் தூக்கிப் போடுங்கள். தறி மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட 5 முதல் 7 மடங்கு கரண்ட் இழுக்கும். அதே ஃபேஸில் இருக்கும் தேய்ந்த அடாப்டர் அந்த நொடியில் தள்ளாடும். மீட்டர் அந்த வேகத்துக்கு எண்ணைக் காட்டாது, ஆகவே நல்ல 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை மாட்டி ஒரு நாள் விட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. மினி யுபிஎஸ் வைப்பதானால் 5 வோல்ட் முனையில் கொடுங்கள். 12 வோல்ட் முனையின் பிளக்கும் அப்படியே பொருந்தும், ஆனால் பெட்டி கருகிவிடும்.

லிங்க் எப்போது விழுகிறது என்பதையும் குறித்து வையுங்கள். தறி கிளம்பும்போது என்றால் மின்சாரம். சித்திரை வெயிலில் மதியம் 2 மணிக்கு, தகரக் கூரைக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் என்றால் சூடு. பனிமூட்டத்தில் காலை என்றால் கனெக்டரில் ஈரம். காற்றடிக்கும்போது என்றால் கையால் அழுத்திப் போட்ட ஃபாஸ்ட் கனெக்டர் தளர்ந்திருக்கும், அல்லது கேபிள் எங்கோ மடிந்திருக்கும். மடிப்பில் இன்னொரு அடையாளமும் உண்டு. ஒரே கோரில் ஒரு பக்கத்துப் பெட்டி 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியிலும் மறுபக்கத்துப் பெட்டி 1550லும் அனுப்புகின்றன. மடிப்பில் அதிகம் கசிவது 1550தான். அதனால் ஒரு முனையில் ஃபைபர் விளக்கு எரியும், மறுமுனையில் எரியாது.

இத்தனையையும் விளக்கைப் பார்த்தே ஊகிக்க வேண்டும், அதுவும் விழும் நேரத்தில் பக்கத்தில் ஆள் நின்றால்தான். சுவிட்சில் இந்த வேலையே இல்லை. எஸ்எஃப்பி துளையில் செருகும், டிடிஎம் (தன் நிலையைத் தானே அளக்கும்) வசதியுள்ள மாட்யூல் அனுப்பும் ஒளி, பெறும் ஒளி, சூடு, வோல்டேஜ் நான்கையும் எண்ணாகக் காட்டும். ஒளி இழப்பை டெசிபலில் அளப்பார்கள்; அரை கிலோமீட்டர் ஃபைபரில் அது கால் டெசிபல்கூட வராது. ஒரு கனெக்டருக்கு அரை டெசிபல், இழையை ஒட்டிய ஸ்ப்ளைஸுக்கு 0.1 என்று வைத்தாலும் மொத்தம் 2 அல்லது 3தான். மறுமுனை −6 டிபிஎம் (ஒளியின் வலிமை; கீழே இறங்க இறங்க மங்கல்) அனுப்பினால் இங்கே −9 வர வேண்டும். −18 காட்டினால் அழுக்கு, மடிப்பு, அல்லது முனை சாய்வான பச்சை கனெக்டரும் சாய்வில்லாத நீல கனெக்டரும் ஒன்றோடொன்று மாட்டியிருப்பது. மாட்யூலுக்குத் தேவையான குறைந்தபட்ச ஒளி அதன் விவரத்தாளில் இருக்கும்; அதைவிட 3 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். சுவிட்ச் தானே குறித்து வைக்கும் லாகில் போர்ட் விழுந்த நேரமும் கிடைக்கும், கடிகாரத்தை மட்டும் சரியாக வைத்துவிடுங்கள். சுவிட்ச் ஓடும் நேரம் சுழியிலிருந்து தொடங்கியிருந்தால் மின்சாரம். இரு முனைச் சுவிட்சும் ஓடிக்கொண்டே இருக்க, ஃபைபர் போர்ட் மட்டும் விழுந்தால் ஒளி. வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கையில் கனெக்டர் துடைக்கும் கிளீனரோடு போவதா, அடாப்டரோடு போவதா என்று முடிவு செய்யலாம். கிளீனர், பெரிய எஸ்சி கனெக்டருக்கு 2.5 மில்லிமீட்டர், சிறிய எல்சி கனெக்டருக்கு 1.25.

அடாப்டர் எண்ணிக்கையும் குறைகிறது. கன்வெர்ட்டர் முறையில் முனைக்கு இரண்டு, கன்வெர்ட்டருக்கு ஒன்று, சுவிட்சுக்கு ஒன்று. எஸ்எஃப்பியில் முனைக்கு ஒன்றே.

கன்வெர்ட்டர் ஜெயிக்கும் இடமும் உண்டு. கெட்டால் கணக்குப்பிள்ளையே கழற்றி மாட்டலாம், பாஸ்வேர்டு வேண்டாம், அமைப்பு வேண்டாம். இரு முனையும் நடந்து போகும் தூரத்தில், ஒரே வளாகத்தில் இருந்தால் கன்வெர்ட்டரே போதும். ஒரு ஜோடி உபரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஃபைபர் கார்டு போடும் மூன்றாவது வழியில் எங்கள் அனுபவம் கம்மி. 82599 சிப் உள்ள இன்டெல் கார்டுகள் வேற்றுக் கம்பெனி மாட்யூலை எளிதில் ஏற்காது என்பதை மட்டும் வாங்கும் முன் நினைவில் வையுங்கள்.

மாறுவதானால் இரு முனையையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் பழைய 1310/1550 கன்வெர்ட்டரும் மறுபக்கம் 1490/1310 மாட்யூலும் இருந்தால் லிங்க் எழும் என்று நம்ப முடியாது. தகரக் கூரைக்கு அடியில் என்றால் 70 டிகிரி வரை தாங்கும் சாதாரண மாட்யூலை விட்டு, 85 டிகிரி வகையைக் கேளுங்கள். வெளியிலிருந்து கட்டடத்துக்கு வரும் டிராப் கேபிளின் இரும்புக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள். ஏற்காட்டுக் கோடை இடியில் அந்தக் கம்பி வீட்டுக்குள் வந்தால், ஃபைபர் போட்டதன் பாதுகாப்பு பாதி போய்விடும்.