சிபில் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் பான் கார்டும் ஓடிபியும் கொடுக்காதீர்கள்

கொடைக்கானல் மேல்மலை ஊர்க்காரர்கள் முதலில் இதைப் படிக்க வேண்டும். மன்னவனூர், பூம்பாறை, பூண்டி, கிளாவரை, கவுஞ்சி என்று எல்லா ஊரிலும் இப்போது வண்டி லோன், டில்லர் லோன், போன் லோன் இல்லாத வீடு குறைவு. அதில் ஒரு தவணை தள்ளிப்போனவர்களைக் குறிவைத்து ஒரு கூட்டம் வேலை செய்கிறது. மூஞ்சிக்கல் பக்கம் சுவரில் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள்: "சிபில் ஸ்கோர் குறைவா? 30 நாளில் 750. கியாரண்டி." (நாம் கடன் கட்டும் விவரத்தைச் சேர்த்து வைக்கும் கம்பெனி சிபில்; ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்து அது போடும் மதிப்பெண்தான் ஸ்கோர். லோன் கொடுக்கும் முன் வங்கி அதைத்தான் பார்க்கும்.) அந்த நம்பருக்குப் போன் செய்து 9,000 ரூபாய் இழந்தவன் நான். பணம் போனதைவிடப் பெரிய சேதம், என் கணக்கில் அவன் செய்து வைத்த வேலை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பூண்டுக்காரனுக்குக் காசு போகத்துக்குப் போகம்தான். வடுகபட்டி மண்டியில் மூட்டை இறங்கி, விலை படிந்து, கமிஷன் கழித்துக் கைக்கு வர வேண்டும். தவணை மாதாமாதம் 5ஆம் தேதி. முன்பெல்லாம் மண்டிக்காரர் முன்பணம், கூட்டுறவுச் சங்கக் கடன், நகைக்கடன் என்று ஓடியது. மண்டிக்காரர் ஒரு மாதம் பொறுப்பார். பொறுத்ததை எங்கேயும் எழுதி வைக்க மாட்டார். பைனான்ஸ் கம்பெனி சிபிலுக்கு எழுதி அனுப்பிவிடும். 2024இல் பிடுங்கிப் போட்ட பூண்டு மழையில் நனைந்து, பரணில் கட்டிப் புகை போட்டும் பாதி தேறவில்லை. பிக்அப் வண்டித் தவணை இரண்டு மாதம் தள்ளிப்போனது. இரண்டையும் அபராதத்தோடு கட்டினேன். அதற்கடுத்த மாதம் கணக்கில் பணம் இருந்தும் ஆட்டோ டெபிட் திரும்பிவிட்டது. அன்றைக்கே பைனான்ஸ் ஆபீசுக்குப் போய் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கினேன். இந்த ரசீதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பூண்டு காயப்போட ஒரு கொட்டகை போடலாம் என்று வங்கியில் லோன் கேட்டேன். ஸ்கோர் 648 என்று சொல்லி, கொஞ்ச மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள். அடுத்த போகத்துக்குள் கொட்டகை வேண்டும் என்ற அவசரம் எனக்கு. இப்படிப்பட்ட அவசரத்தில் இருப்பவன்தான் அவர்களுக்கு வேண்டும்.

போனில் பேசியவன் அவ்வளவு மரியாதையாகப் பேசினான். "அண்ணே, லேட் என்ட்ரியெல்லாம் நாம அழிச்சிருவோம். சிபில் ஆபீஸ்லயே நம்ம ஆளு இருக்காரு. நீங்க ஆதார், பான் மட்டும் வாட்ஸ்அப்ல போடுங்க, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்குறோம்." முதலில் பாதி, வேலை முடிந்ததும் மீதி. ஜிபேயில் ஒரு தனி ஆளின் பேருக்குப் போனது. பில் கேட்டதற்கு, "கடைசியில மொத்தமா தர்றோம்ணே" என்றான்.

அந்த ஓடிபியை வைத்து சிபில் தளத்தில் என் பெயரில் கணக்குத் திறந்து, தன் மின்னஞ்சலைப் போட்டுக்கொண்டான். பிறகு என் வண்டி லோன் என்னுடையதே இல்லை என்று ஒரு புகார் பதிந்தான். ஆமாம், என் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி, மாதாமாதம் நான் பணம் கட்டும் லோன். இப்படிப் புகார் போட்டால், லோன் கொடுத்த கம்பெனி பதில் சொல்லும்வரை ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கின் மேல் 'தகராறில் உள்ளது' என்று ஒரு குறிப்பு வரும். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, "பாத்தீங்களாண்ணே, என்ட்ரி கழண்டுக்கிட்டு இருக்கு" என்று சொல்லி மீதிப் பணத்தையும் வாங்கிவிட்டான்.

இதுகூடப் பரவாயில்லை. கம்பெனி மறுத்ததும் அந்தக் குறிப்பு போய்விட்டது, பழைய நிலைதான். அவன் செய்த அடுத்த வேலைதான் குடியைக் கெடுப்பது.

பழைய ப்ரிட்ஜ் லோன் ஒன்றில் கடைசித் தவணையும் சில சார்ஜுமாக 6,400 ரூபாய் பாக்கி நின்றது. அதை முழுசாகக் கட்டிவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். "எதுக்குண்ணே முழுசா? நான் பேசிட்டேன், 2,500 கட்டுங்க, கணக்கு முடிஞ்சிரும்" என்றான். கட்டினேன். கம்பெனியிலிருந்து கடிதமும் வந்தது. ஆனால் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்குக்கு நேராக 'குளோஸ்டு' என்று வர வேண்டிய இடத்தில் 'செட்டில்டு' என்று வந்தது. இவர் முழுக்கடனைத் தரவில்லை, கம்பெனி மீதியை விட்டுக்கொடுத்து முடித்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அடுத்த லோன் கொடுக்கும் எந்த வங்கியும் ஒரு மாதத் தாமதத்தைவிட இதைத்தான் மோசமாகப் பார்க்கும். தள்ளுபடி வாங்கித் தந்ததாகச் சொல்லி அதற்கும் ஒரு தொகை கேட்டான் என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இடையில் என் போனுக்கு, உங்கள் கிரெடிட் ரிப்போர்ட் பார்க்கப்பட்டது என்று மெசேஜ்கள் வந்துகொண்டே இருந்தன. கேட்டதற்கு, ஸ்கோர் ஏற்றும் வேலை நடக்கிறது என்றான். உண்மையில் லோன் ஆப்களில் என் பெயரில் விண்ணப்பம் போட்டிருக்கிறான். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் ஒரு விசாரணையாகப் பதிவாகும். கொஞ்ச நாளுக்குள் வரிசையாக விசாரணை இருந்தால், இந்த ஆள் பணத்துக்கு அலைகிறான் என்று தெரியும், ஸ்கோரும் இறங்கும். நல்லவேளை, எந்த ஆப்பிலும் பணம் எடுக்கப்படவில்லை.

மறுபடி வங்கிக்குப் போனபோது ஸ்கோர் 609. மேனேஜர் அம்மா ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "தம்பி, இந்த வண்டி உங்களுது இல்லேன்னு நீங்களா எழுதிக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். பிறகு உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாகச் சொல்லித் தந்தார். மாதத்துக்கு ஒரு கட்டம், 36 மாதத்துக்கு. தேதிக்குக் கட்டியிருந்தால் 000. தள்ளிப்போனால் எத்தனை நாள் என்ற எண். என் கணக்கில் மூன்று மாதம் எண் இருந்தது. மூன்றாவது, நான் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கிய மாதம்!

ஆக, என் ரிப்போர்ட்டில் உண்மையிலேயே ஒரு தப்பு இருந்திருக்கிறது. திருத்தக்கூடிய தப்பு, கையில் ஆதாரம் உள்ள தப்பு. பணம் வாங்கியவன் அந்தக் கட்டங்களைப் பார்க்கவே இல்லை, ஒரு ரசீது உண்டா என்று கேட்கவும் இல்லை. என் லோனே இல்லை என்ற பொய்ப் புகாரைப் போட்டு, நியாயமான புகாரை மூடிவிட்டான்.

அந்த அம்மா சொன்னதையும் பிறகு நானே செய்து தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். நாம் உண்மையிலேயே தாமதமாகக் கட்டிய பதிவை யாராலும் அழிக்க முடியாது. சிபில் தானாக எதையும் மாற்றுவதில்லை; லோன் கொடுத்த கம்பெனி சரி என்றால்தான் மாற்றும். அதனால் "உள்ளே ஆள் இருக்காரு" என்பது முழுப் பொய். தப்பான பதிவைத் திருத்த ஒரு பைசா செலவில்லை. சிபில் தளத்தில் நாமே புகார் போடலாம், அல்லது கம்பெனிக்கே எழுதலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும். இது ரிசர்வ் வங்கி உத்தரவு, 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

ரிப்போர்ட் பார்க்கவும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என இப்படி ரிப்போர்ட் தரும் நான்கு கம்பெனி இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நம் ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. நான்கிலும் பாருங்கள், ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் தப்பாக இருக்கலாம்.

என் மூன்றாவது மாதப் பதிவு, ரசீதையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் வைத்து நானே போட்ட புகாரில் 000 ஆகிவிட்டது. ப்ரிட்ஜ் கம்பெனிக்கு எழுதி, தள்ளுபடி செய்த 3,900 ரூபாயையும் கட்டுகிறேன், பாக்கி இல்லை என்று சான்று கொடுங்கள், 'குளோஸ்டு' என்று திருத்தி அனுப்புங்கள் என்று கேட்டேன். முதலில் தட்டிக்கழித்தார்கள். எழுத்தில் பதில் கேட்டு விடாமல் நின்றபிறகு ஒப்புக்கொண்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே இந்தச் சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள், கட்டியபிறகு கேட்டால் ஆள் கிடைக்க மாட்டார். உண்மையான இரண்டு தாமதமும் அப்படியே இருக்கின்றன, இருக்கட்டும். அதற்குப் பிறகு எல்லாக் கட்டமும் 000. ஸ்கோர் இப்போது 700ஐத் தாண்டிவிட்டது. 15 நாளுக்கு ஒருமுறையாவது கம்பெனிகள் விவரம் அனுப்ப வேண்டும் என்று 2025இல் வந்துவிட்டதால், ஒழுங்காகக் கட்டுவது முன்பைவிடச் சீக்கிரம் பதிவாகிறது.

சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்து பதிந்திருக்கிறேன், ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 9,000 இன்னும் வரவில்லை. அவன் பழைய நம்பர் அணைந்துவிட்டது. அதே வாசகத்தோடு வேறு நம்பர் போட்ட நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஏற்கெனவே அவனிடம் பான் கொடுத்தவர்கள் இன்றைக்கே சிபில் தளத்தில் உங்கள் கணக்கில் இருக்கும் மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள். மாற்றியிருந்தால் சிபில் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி உங்களுடையதாக மாற்றுங்கள். விசாரணைப் பட்டியலில் நீங்கள் கேட்காத லோன் கம்பெனிப் பெயர் இருந்தால் அந்தக் கம்பெனிக்கும் அன்றைக்கே எழுதுங்கள். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் கேளுங்கள், நான் எழுதிய கடிதங்களை அப்படியே தருகிறேன்.