ஐஸ் ஷீட் மாடல்ல பளிங்கச் சேர்க்கணுமா வேணாமா: இருக்கிற வழிய எல்லாம் பக்கத்துல வச்சுப் பார்த்தா

பேராதெனியவுல பௌதிகம் செய்யிற நம்ம ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தா, "அண்ணே, ப்ராஜெக்டுக்கு கிரீன்லாந்து ஐஸ் ஷீட் எடுத்திருக்கேன், க்ளென் விதி மட்டும் போட்டா போதுமா, இல்ல பளிங்கு எந்தப் பக்கம் பார்த்துட்டு இருக்குங்கிறதையும் உள்ள கொண்டு வரணுமா"ன்னு. ரெண்டு வரியில சொல்ற பதில் இல்ல இது. எனக்குத் தெரிஞ்ச வழி எல்லாத்தையும் எழுதுறேன், ஏஎல் பௌதிகம் செஞ்ச யாருக்கும் விளங்கும்.

மொதல்ல விஷயம் என்னன்னு பார்ப்போம். ஐஸ் ஷீட்னா பெரிய நிலத்தையே மூடிக் கிடக்கிற ஐஸ் போர்வை, தன் பாரத்தாலயே மெதுவா ஓடும், எந்தத் தகைப்புக்கு எவ்வளவு வேகமா ஓடும்னு சொல்றதுதான் க்ளென் விதி. ஐஸ் பளிங்கு (கிரிஸ்டல்) அறுகோண அமைப்பு, அணுக்கள் தளம் தளமா அடுக்கி இருக்கும், அந்தத் தளத்துக்குச் செங்குத்தா போறத சி அச்சுன்னு சொல்லுவாங்க. டீச்சர் மேசையில குமிச்சு வச்ச சீஆர் கொப்பி அடுக்கு மாதிரிதான், பக்கவாட்டுல தள்ளினா வழுக்கிட்டுப் போகும், மேல இருந்து அமுக்கினா அசையாது. அந்த அடித்தளத்த விட்டுட்டு வேற தளத்துல வழுக்க வைக்கணும்னா கிட்டத்தட்ட 60 மடங்கு தகைப்பு வேணும். ஸ்னோ விழும்போது பளிங்கு கண்டபடி எல்லாத் திசையிலயும் கிடக்கும், ஆனா மேல மேல விழுந்து அமுங்க அமுங்க சி அச்சு எல்லாம் மெதுவா நிமிர்ந்து மேல்நோக்கித் திரும்பிடும். 1992ல கிரீன்லாந்து நடுவுல 3029 மீட்டர் தோண்டி முடிச்ச கிரிப் ஐஸ் கோர்ல (துளைச்சு வெளிய எடுத்த ஐஸ் தூண்) இது அப்படியே தெரியுது, மேல சிதறிக் கிடக்குது, கீழ போகப் போக ஒரே திசைக்கு ஒன்னு சேருது.

அப்படி ஒன்னு சேர்ந்த ஐஸ் தரைக்குச் சமாந்தரமா ஷியர் ஆகும்போது (அடுக்கு மேல அடுக்கு பக்கவாட்டுல வழுக்கும்போது) சிதறின ஐஸ விட 8லருந்து 10 மடங்கு வேகமா ஓடும். இது எவ்வளவு பெருசுன்னா, வழக்கமா போடுற ஏவற்சக்தி 60 கிலோஜூல வச்சுக் கணக்குப் போட்டுப் பாருங்க, மைனஸ் 30 பாகையில இருக்கிற ஐஸ மைனஸ் 10க்கு சூடாக்கினா கிடைக்கிற மென்மையும் இதே 10 மடங்கு கிட்டதான் வரும். வெப்பநிலைய ஒவ்வொரு பாகையா பார்த்துப் பார்த்துக் கணக்கு வைக்கிற மாடல்ல பளிங்குத் திசைய மட்டும் ஒரே ஒரு நம்பரா போட்டுட்டுப் போறது எனக்கு எப்பவும் மனசுக்கு ஒத்துக்கிறதில்ல.

அந்த ஒரே நம்பர் வழிதான் இன்னைக்கும் எல்லாரும் பாவிக்கிறது. ஜோன் க்ளென் 1955ல தந்த விதிப்படி விகார வீதம் தகைப்போட மூனாம் அடுக்குக்கு விகிதசமம், அதாவது தகைப்பு இரட்டிச்சா ஓட்டம் 8 மடங்கு. இதுக்கு முன்னால ஈன்னு ஒரு பெருக்கி போடுவாங்க, தரையில கிடக்கிற ஐசுக்கு 3 வாக்குல, கடல்ல மிதக்கிற ஷெல்ஃபுக்கு 1க்குக் கீழ. லேசு, வேகம், எந்த லெப்டொப்லயும் ஓடும், எல்லாம் சரி. ஆனா எனக்குப் பெரிய ஆட்சேபம் ஒன்னு இருக்கு. மேற்பரப்பு வேகத்த செட்டலைட் அளந்து தருது, அடியில தரை எவ்வளவு வழுக்குதுன்னு யாருக்கும் நேரா தெரியாது, அதனால மேல தெரியிற வேகம் வர்ற மாதிரி தரை உராய்வத் திருப்பிக் கணக்குப் போட்டு எடுக்கிறாங்க. ஐஸ உண்மையில இருக்கிறத விட இறுக்கமா வச்சிருந்தீங்கன்னா, குறையிற வேகத்த எல்லாம் தரை வழுக்குறதா மாடல் எழுதிக்கும். இன்னைக்கு மேப்போட அச்சா பொருந்தும், பார்க்க அழகா இருக்கும், ஆனா காரணம் பிழை, 2100க்கு ஓட்டிப் பார்க்கும்போது உள்ளுக்குள்ள ஓடுற ஐஸும் தரையில வழுக்குற ஐஸும் ஒரே மாதிரி நடந்துக்காது. கிரீன்லாந்து முழுக்க உருகினா கடல் மட்டம் 7 மீட்டருக்கு மேல ஏறும், அதுவும் ஈர்ப்பு விசை மாறுறதால அந்த ஏற்றம் ஐசுக்குப் பக்கத்துல இல்ல, தூரத்துல இருக்கிற நம்ம மாதிரி கரையிலதான் சராசரியை விடக் கூட. நாம மலையில உசரத்துல இருக்கலாம், ஆனா வத்தளை வெள்ளவத்தைன்னு வேலைக்குப் போயிருக்கிறது நம்ம தோட்டத்துப் பிள்ளைங்கதான், அதனால இது வெறும் பேப்பர் கணக்குன்னு என்னால விட முடியல.

அடுத்தது எஸ்டார்ங்கிற ஓட்ட விதி. எனக்குப் பிடிச்ச வழி இது. இதுக்குப் பின்னால இருக்கிறது ஆய்வுகூட அனுபவம், ஐஸ 10 சதவீதம் வாக்குல உருமாத்தினதும் பளிங்கு அந்தத் தகைப்புக்கு ஏத்த மாதிரி தன்னை ஒழுங்குபடுத்திக்கிட்டு ஒரு நிலையான வேகத்துக்கு வந்துடுது. அந்த வேகம் அமுக்கத்துல சாதாரண ஐஸ விட 3 மடங்கு, ஷியர்ல 8 மடங்கு. அப்ப மாடல் ஒவ்வொரு இடத்துலயும் ஷியர் பங்கு எவ்வளவுன்னு பார்த்து 3க்கும் 8க்கும் நடுவுல பெருக்கிய தானே தெரிவு செஞ்சுக்கும். புதுசா தீர்க்க வேண்டிய சமன்பாடு எதுவும் இல்ல, நேரமும் பெருசா கூடாது, ஐஎஸ்எஸ்எம்ங்கிற ஐஸ் ஷீட் மாடல்ல ஏற்கனவே போட்டிருக்காங்க. ஷெல்ஃபுக்கு ஒரு நம்பர் தரைக்கு ஒரு நம்பர்னு கையால மாத்தத் தேவையில்ல, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். குறை என்னன்னா இதுக்கு ஞாபகம் கிடையாது. இந்த நிமிஷம் இருக்கிற தகைப்புக்கு ஏத்த பளிங்கு ஏற்கனவே அமைஞ்சிடுச்சுன்னு எடுத்துக்கும், ஐஸ் வேற எங்கயோ வேற தகைப்புல இருந்து வந்ததுன்னு தெரியாது, அதனால ஐஸ் ரெண்டு பக்கமா பிரியிற நீர்பிரிமேடு மாதிரி இடத்துலயும் ஓட்டம் சட்டுனு திரும்புற இடத்துலயும் இத நம்ப முடியாது.

காஃபேங்கிற விதி இதுக்கும் ஒரு படி மேல, பளிங்குத் திசைப் பரம்பலக் கூடவே கொண்டு போய் அதுல இருந்து பெருக்கி எடுக்கும், அந்தாட்டிக்காவுல ஜப்பான்காரங்க தோண்டின டோம் ஃபூஜி பக்கம் ஓட்டிப் பார்த்திருக்காங்க. ஆனா கடைசியில வர்றது ஒரு தனி நம்பர்தான், எல்லாத் திசைக்கும் ஒன்னு. பரம்பலத் தீர்க்கிற செலவையும் குடுத்துட்டு திசை வித்தியாசத்தையும் விட்டுக் குடுக்கிறதுக்கு நான் இதத் தெரிவு செய்ய மாட்டேன்.

கோல்ஃப்ங்கிற விதி அப்படி இல்ல, இதுல பிசுக்குமை திசைக்குத் திசை மாறும். பளிங்குப் பரம்பல ஒரு இரண்டாம் வரிசை டென்சரா (3க்கு 3 எண் அட்டவணை) சுருக்கிடுவாங்க, முதன்மைப் பெறுமானம் மூனும் கூட்டினா 1 வரும், சிதறிக் கிடந்தா ஆளுக்கு மூனுல ஒரு பங்கு, எல்லாம் ஒரே திசைன்னா ஒன்னு மட்டும் 1. எல்மர்/ஐஸ்ங்கிற ஐஸ் மாடல் மென்பொருள்ல இது இருக்கு. இதோட பலம் நீர்பிரிமேட்டுலதான் தெரியும். அங்க அடியில தகைப்பு குறைவுங்கிறதால ஐஸ் இறுகி, அடுக்குகள் வளைஞ்சு மேடு கட்டும்னு ரேமண்ட்ங்கிற ஆய்வாளர் 1983ல காட்டினாரு. ஆனா ரேடார்ல பார்த்தா சில இடத்துல அந்த மேடு ஒன்னா இல்லாம ரெட்டை முதுகா நிக்குது, சாதாரண க்ளென் விதிய என்ன செஞ்சாலும் அது வராது, பளிங்குத் திசைய உள்ள சேர்த்தா வருது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பளிங்கு முக்கியம்ங்கிறதுக்கு வெளிய கண்ணால பார்க்கக்கூடிய சாட்சி இதை விட நல்லது இல்ல. சிக்கல் ரெண்டு: டென்சர் எப்படித் திரும்புதுன்னு கணக்குப் போட நாலாம் வரிசை டென்சர் வேணும், அதை ஊகிச்சுத்தான் போடணும், அப்புறம் முப்பரிமாணத்துல இத ஓட விட்டா கணக்கு லேசுல நிலைக்காது.

ஸ்பெக்ஃபேப் மாதிரி புது வழி அந்த ஊகத்தக் குறைக்குது. கோள இசைச் சார்புகளா (கோளத்து மேல திசைப் பரம்பல எழுத உதவுற அலைச் சார்புகள்) பரம்பல விரிச்சு வேணும்கிற அளவு நுணுக்கத்துக்குப் போகலாம், சூடான ஐஸ்ல பளிங்கு புதுசா வளர்ந்து திசை மாறுற மீள்பளிங்காக்கத்தையும் சேர்க்கலாம், கோட் பொதுவில கிடக்குது, பைதன்ல இருந்து கூப்பிடலாம். 2023ல அடித்தளத்தத் தொட்ட ஈஸ்ட்கிரிப் கோர் ஒரு வேகமான ஐஸ் ஓட்டத்துக்குள்ள தோண்டினது, அங்க பளிங்கு ஒரே திசைக்கு வராம ஓட்டத்துக்குக் குறுக்க ஒரு பட்டி மாதிரி பரவி நிக்குது. இழுபடுற ஐஸ் அப்படித்தான் திரும்பும். மேல்நோக்கி நிக்குதுன்னு கண்ணை மூடிட்டுப் போட்ட மாடல் அங்க தோத்துடும்.

ஒவ்வொரு பளிங்கையும் தனித்தனியா வச்சுக் கணக்குப் போடுற வழி சில சென்டிமீட்டர் துண்டுக்குத்தான் சரி. ஐஸ் ஷீட்டுக்கு அதக் கொண்டு வர நினைக்காதீங்க, ஆனா மத்த மாடல உரசிப் பார்க்க அது வேணும்.

அப்ப தங்கச்சிக்கு நான் சொல்றது: கிரீன்லாந்து முழுசா ஓட்டணும்னா எஸ்டார் போடு, ஐஸ் கோரோட வயசு, நீர்பிரிமேடு, வேக ஓட்டத்தோட ஓரம்னு ஒரு இடத்த மட்டும் எடுத்தா ஸ்பெக்ஃபேப் போடு, கோல்ஃப் போடுறது எல்மர்/ஐஸ் ஏற்கனவே பழக்கம்னா மட்டும். மொதல்ல ஈ 3 வச்சு ஒரு ரன், எஸ்டார் வச்சு ஒரு ரன், ரெண்டுக்கும் ஒரே செட்டலைட் வேகம் குடுத்து தரை உராய்வு மேப் ரெண்டையும் கழிச்சுப் பாரு. வித்தியாசம் பெருசா நிக்கிற இடத்துல மட்டும் சின்னதா ஒரு துண்டு வெட்டி அதுக்குள்ள பளிங்க ஓட விடு.