மணிக்கட்டு எலும்புக்கு ‘ஊசி பேக்கேஜ்’: 78,000 ரூபாய் போச்சு, யாரும் ஏமாறாதீங்க

இன்னைக்குத்தான் புது ஸ்கேன் ரிசல்ட் வந்துச்சு. வயிறு எரியுது, அதான் இப்பவே எழுதுறேன்.

பெங்களூர் பீன்யாவுல லேத் ஓட்டுறேன். வலது மணிக்கட்டு நடுவுல வலி, மெஷின்ல இரும்பை இறுக்குற சக் சாவியைத் திருகப் பிடி இல்ல. எக்ஸ்ரே பார்த்துட்டு சுளுக்குன்னாங்க. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தப்புறம்தான் கீன்பாக் நோய்னு தெரிஞ்சது. மணிக்கட்டுக்குள்ள பிறை மாதிரி இருக்குற லூனேட் எலும்பு, ரத்தம் போகாம செத்துக்கிட்டு வருது. ரெண்டாவது ஸ்டேஜ்.

ஆபரேஷன்னதும் பயந்துட்டேன். அந்த நேரம் பார்த்து போன்ல ஒரு வலி கிளினிக் விளம்பரம்: ‘கத்தி இல்லாம எலும்புக்கு உயிர்’. போனேன். அங்க இருந்த ஆள் என் பேரைப் பார்த்ததும் தமிழ்ல பேசினான். “எந்த ஊருண்ணா? நான் ஆம்பூர்.” பிளாஸ்டிக் கை மாடல்ல இருந்து அந்த ஒரு எலும்பை மட்டும் கழட்டி என் உள்ளங்கையில வச்சான். “உங்க ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுத்தி ஊசியா போடுவோம், புது ரத்த ஓட்டம் வந்துரும். என் சொந்த அண்ணனா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.” அந்த வார்த்தையில விழுந்தேன். ஆறு ஊசி, 78,000 ரூபாய், அன்னைக்கே கட்டணும். வீட்டுக்காரி செயினை ஸ்ரீராமபுரத்துல அடகு வச்சுக் கட்டினேன்.

மூணாவது ஊசிக்கப்புறம் வலி கூடுச்சு. “வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்”னாங்க. ஆறும் முடிஞ்சப்புறம் டாக்டர் கேம்ப்ல, மேனேஜர் லீவுல, போனை எடுக்கவே ஆள் இல்ல. நேர்ல போய் நின்னா அந்த ஆம்பூர்க்காரன் என்கிட்ட கன்னடத்துல பேசுறான்! ‘அண்ணா’ போய் ‘சார்’ ஆயிடுச்சு. “கையெழுத்து போட்டிருக்கீங்க சார், ரீஃபண்ட் கிடையாது.” 78,000 சார், 78,000!

கை சர்ஜன் இன்னைக்கு ஸ்கேனைக் காட்டிச் சொன்னார். என் முன்னங்கையில இருக்குற ரெண்டு எலும்புல, சுண்டுவிரல் பக்கம் இருக்குற அல்னா, கட்டைவிரல் பக்கம் இருக்குற ரேடியஸை விடக் குட்டை, அதனால பாரம் எல்லாம் லூனேட் மேல. எட்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா ரேடியஸை ரெண்டு மூணு மில்லிமீட்டர் குறைச்சு பிளேட் போட்டிருக்கலாமாம். இப்போ எலும்பு நொறுங்கி 3பி ஸ்டேஜ். மணிக்கட்டுல ஒரு வரிசை எலும்பையே, மூணு எலும்பு, எடுக்கலாமான்னு பேசுறாங்க.

ஜெயநகர்ல சஞ்சய் காந்தி எலும்பு ஆஸ்பத்திரி இருக்கு, அரசாங்கத்தோடது. அங்க முதல்லயே போகாம விட்டேனே.

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியல. மணிக்கட்டு வலி விடலைன்னா எக்ஸ்ரேயோட நிக்காதீங்க, எம்ஆர்ஐ கேளுங்க. கை சர்ஜன்கிட்ட காட்டாம எந்த பேக்கேஜுக்கும் பணம் கட்டாதீங்க. ‘இன்னைக்கே கட்டுங்க’ன்னா எழுந்து வந்துருங்க. தமிழ்ல பேசுறான்னு நம்பாதீங்க.