கல்லு கலரா, மேல படிஞ்ச லைக்கனா? போட்டோல மினரல் கண்டுபிடிக்க எத நம்பலாம்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்னு கடலரிப்புக்கு கொட்டியிருக்க கருங்கல்லுல ஆரம்பிச்சு சேலம் பக்கம் பாறை வரைக்கும் போட்டோ புடிச்சு, இதுல இரும்பு இருக்கா செம்பு இருக்கான்னு கேக்குற தம்பிங்க நெறைய பேரு. பாதி பேரு கலர வெச்சு சொல்றாங்க, மீதி பேரு மேல வளந்த லைக்கன, அதாவது கல்லுல ஒட்டி பாசி மாதிரி படர்ற உயிர வெச்சு. எனக்கு கலர் பக்கம்தான் சாய்வு, ஆனா உடைச்ச முகத்தோட கலர் மட்டும்தான்.

வெளித்தோல் கலர் ஏமாத்தும். பல்லாவரம் பக்கம் கெடைக்கிற சார்னோகைட்ங்கற கருங்கல்லயே எடுத்துக்கோங்க, புதுசா உடைச்சா எண்ணெய் தடவுன மாதிரி நீலம் கலந்த கரும்சாம்பல், வெயில் மழையில கெடந்த பக்கம் பழுப்பு, ரெண்டும் ஒரே கல்லு. கொஞ்சூண்டு இரும்பு இருந்தாலே பாறையோட வெளித்தோல் துருக்கலர் ஆகலாம், அத பாத்து இரும்புத்தாதுன்னு குதிக்க கூடாது. வெள்ளைன்னா இன்னும் மோசம், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கால்சைட், சேலம் மேக்னசைட் எல்லாமே வெள்ளைதான். கலர் ஜெயிக்கிற எடம் செம்பு: வெள்ள குவார்ட்ஸ் கோட்டுல பளிச்சுனு மாலகைட் பச்சை, பக்கத்துல அசுரைட் நீலம் (ரெண்டும் செம்புத்தாது) சேந்து தெரிஞ்சா நேர்ல போய் பாக்கலாம். வெறும் பச்சைய மட்டும் நம்பாதீங்க, செம்புத்தாதே இல்லாத குளோரைட்டும் எபிடோட்டும் பச்சைதான். சாயங்கால வெயில்ல போன் கேமரா எல்லாத்தயும் செவப்பாக்கும், அதனால பக்கத்துல ஒரு வெள்ள பேப்பர் வெச்சு எடுங்க.

லைக்கன்னா நம்ம பிரியாணில போடுற கல்பாசி இனம்தான். வெளிநாட்டு மலை போட்டோல மேப் மாதிரி மஞ்சப்பச்சையா படர்ற ரைசோகார்பான் சிலிக்கா பாறையத்தான் தேடும், சுண்ணாம்புக்கல்லுல வராது, அந்த அளவுக்கு அது துப்பு குடுக்கும். ஆனா ஆரஞ்சு கலர் சாந்தோரியா சுண்ணாம்புலயும் வரும், காக்கா எச்சம் விழுற எந்த கல்லுலயும் வரும், அதத்தான் நம்மாளுங்க துருன்னு நெனக்கிறாங்க. இரும்புப் பாறைய தேடிப் போற அகரோஸ்போரா சினோபிகான்னு ஒன்னு இருக்கு, அதுவே துருக்கலர்ல இருக்கும், ஆனா அந்த மாதிரி இனத்தயெல்லாம் மைக்ரோஸ்கோப் இல்லாம உறுதியா சொல்ல முடியாது, போன் போட்டோ எங்க பத்தும்? இன்னொன்னு, ஆலைப் புகையில வர்ற சல்பர் டை ஆக்சைடு லைக்கனுக்கு ஆகாது, மணலி மாதிரி ஆலை ஏரியால கல்லு மொட்டையா இருந்தா அத கல்லோட குணம்னு எழுதிடாதீங்க.

அப்ப லைக்கன் எதுக்கு? எந்தக் கலர தள்ளணும்னு காட்டுறதுக்கு. நல்லா ஜூம் பண்ணுங்க, லைக்கன் வட்ட வட்டமா, ஓரத்துல தனி விளிம்போட, கல்லுக்குள்ள இருக்க தாதுத் துகள்களோட எல்லைய மதிக்காம மேல படர்ந்து போகும். தாதுக்கறை விரிசல புடிச்சு கசிஞ்சு கீழ வழியும். சந்தேகமா, தண்ணி ஊத்தி ரெண்டாவது போட்டோ எடுங்க, நெறைய லைக்கன் நனைஞ்சா பச்சை கூடும். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூட வளராத இனம் நெறைய, அதனால லைக்கன் மூடின முகம்னா பல வருஷமா வெளிய கெடந்த முகம், அங்க கலர் பாக்குறது வேஸ்ட்.

ஒடைக்கிறதுன்னு சொன்னேன்னு கடலோர கல்லுல சுத்திய போடாதீங்க, அதுக்கு பின்னாடி ஜனங்க வீடு இருக்கு. கீழ கெடக்குற சில்லு போதும். அத டைல்ஸோட பாலிஷ் இல்லாத பின்பக்கம் தேய்ச்சு அந்த கோட்டயும் சேத்து அனுப்புங்க: இரும்புத்தாதுல ஹெமடைட் செங்கல் செவப்பு, மேக்னடைட் கருப்பு, தங்கம் மாதிரி மின்னுற பைரைட் பச்சை கலந்த கருப்பு, நெஜ தங்கம்னா மஞ்சளாவே கோடு விழும்.