ராக் மேடைப் படங்களை விற்க: டார்க்ரூம் பிரிண்ட்டா, இங்க்ஜெட் பிரிண்ட்டா?

1967-ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் முதல் தலைமைப் புகைப்படக்காரராகச் சேர்ந்த பாரன் வுல்மன் (Baron Wolman), எடுக்கும் படங்களின் உரிமை தன்னிடமே இருக்கும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டார். பின்னாளில் அந்த நெகட்டிவ்கள்தான் அவருக்குச் சொத்து. பழைய ராக் படங்களைப் பிரிண்ட்டாக விற்க நினைக்கும் யாருக்கும் முதல் கேள்வி இதுதான்: நெகட்டிவும் உரிமையும் கையில் இருக்கிறதா? இருந்தால், அடுத்தது எந்த முறையில் பிரிண்ட் போடுவது என்பது.

வழி இரண்டு. டார்க்ரூம் என்னும் இருட்டறையில், பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேப்பரில் போடும் வெள்ளி ஜெலட்டின் பிரிண்ட் ஒன்று. நெகட்டிவை ஸ்கேன் செய்து, காட்டன் பேப்பரில் பிக்மென்ட் (நிறமித் துகள்) இங்க்கால் போடும் இங்க்ஜெட் பிரிண்ட் இன்னொன்று. கேலரிகள் ஜிக்ளே என்று எழுதுவதும் இதைத்தான். கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கு என் தேர்வு முதலாவது. கலர் ஸ்லைடு என்றால் விவாதமே வேண்டாம், பிக்மென்ட்தான்: ஸ்லைடிலிருந்து நேராகப் பிரிண்ட் போடத் தந்த சிபாக்ரோம் பேப்பர் தயாரிப்பிலேயே இல்லை.

செலவு, வேகம், சீர்மை மூன்றிலும் பிக்மென்ட் முந்துகிறது. நெகட்டிவில் உள்ள கீறலை ஃபைலில் ஒருமுறை சரிசெய்தால் போதும். டார்க்ரூமில் ஒவ்வொரு பிரிண்ட்டிலும் தூரிகையால் புள்ளி வைக்க வேண்டும். 35 மி.மீ. நெகட்டிவை 4000 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 4000 பிக்சல்) ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 5,670 × 3,780 பிக்சல் கிடைக்கும். 300 பிபிஐ-யில் அது 19 அங்குல அகலத்துக்குச் சரியாக வரும். கெடுவது பெரும்பாலும் ஷார்ப்பனிங்கில், அதாவது ஃபைலைக் கூர்மையாக்குவதில். அது ஃபிலிமின் துகளான கிரெய்னைத்தான் முதலில் பிடிக்கும். மணல் தூவியது போல முகம் சொரசொரத்துப் போகும். 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியத்தில், தி கிளாஷ் குழுவின் பால் சிமனன் பாஸ் கித்தாரை மேடையில் ஓங்கி அடிப்பதைப் பென்னி ஸ்மித் எடுத்த படம் ஃபோகஸ் விலகியதுதான். அந்த மங்கலில்தான் அடியின் வேகமே இருக்கிறது. அப்படிப்பட்ட படத்தைக் கூர்மையாக்கப் போனால் படமே போய்விடும்.

ஆயுள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நல்ல இங்க்ஜெட் பிரிண்ட் என்ற எண்ணத்துக்கு வழி திறந்ததே ஒரு ராக் பாடகர்தான்: கிரஹாம் நாஷ் 1991-ல் கலிஃபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸைத் தொடங்கி, ஐரிஸ் இயந்திரத்தில் பிரிண்ட் போட்டார். ஆனால் அன்றைய சாய இங்க் சீக்கிரம் வெளுத்தது. இன்றைய பிக்மென்ட் அதைவிடப் பல மடங்கு உறுதி. பிக்மென்ட் நூறாண்டு தாங்கும் என்ற கணக்கெல்லாம் கடும் வெளிச்சத்தில் வேகப்படுத்திச் செய்த சோதனையிலிருந்து கணித்தது. சுவரில் தொங்கிய அனுபவம் கால் நூற்றாண்டு அளவுக்குத்தான். வெள்ளிப் பிரிண்ட்டுக்கு நூறாண்டுக்கு மேல் சாட்சி உண்டு, ஒழுங்காக ஃபிக்ஸ் செய்து கழுவியிருந்தால்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது மறுவிற்பனை. முதல் விற்பனையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். பதினைந்து ஆண்டு கழித்து வாங்கியவரின் பிள்ளைகள் அதை விற்கப் போகும்போது, எதிரில் இருப்பவர் மூன்று கேள்வி கேட்பார்: யார் போட்டது, எப்போது போட்டது, இதுபோல எத்தனை இருக்கின்றன? எத்தனை பிரிண்ட் என்று வரம்பு வைத்து எண்ணிட்டு விற்பதுதான் எடிஷன். ஃபைலுக்கு 'இருபத்தைந்தோடு நிறுத்திவிட்டோம்' என்ற வாக்கு மட்டும்தான் காவல். டார்க்ரூமில் வேலையே காவல். 16×20 அங்குலப் பிரிண்ட்டை டெஸ்ட் ஸ்டிரிப்பிலிருந்து (வெளிச்ச அளவு பார்க்கும் சோதனைத் துண்டு) உலர்த்துவது வரை ஒழுங்காகச் செய்தால், ஒரு நாளைக்கு எட்டு பத்துத் தேறினால் அதிகம். எடிஷன் தீர்ந்த பிறகு, எண்பது வயதில் யாரும் சும்மா இன்னும் நாற்பது போட்டுவிட மாட்டார்கள். புகைப்படக்காரர் காலமான பிறகு எஸ்டேட் (அவருடைய வாரிசுத் தரப்பு) போடும் பிரிண்ட்டை முத்திரை போட்டுத் தனியாகவே விற்கிறார்கள்.

இந்த மதிப்பைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஒரே படத்தை 11×14-ல் 50, 16×20-ல் 25, 20×24-ல் 15 என்று தனித்தனி எடிஷனாக விற்பது. 25-ல் 7 என்று நினைத்து வாங்கியவரிடம் உண்மையில் இருப்பது 90-ல் ஒன்று. ஒரே அளவு போதும். இல்லையென்றால் எல்லா அளவுகளையும் எண்ணிக்கையையும் முதல் விற்பனையிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் நெகட்டிவ் எண், எடுத்த தேதி, பிரிண்ட் போட்ட தேதி, எடிஷன் எண், கையெழுத்து. பால்பாயிண்ட் வேண்டவே வேண்டாம், தடம் முன்பக்கம் வரை புடைக்கும்.

மேடை நெகட்டிவ் டார்க்ரூமில் லேசில் அடங்காது. 400 வேக டிரை-எக்ஸ் ஃபிலிமை 1600 வேகம் போலப் பயன்படுத்தி, கூடுதலாக டெவலப் செய்து எடுத்ததில், ஸ்பாட்லைட் பட்ட முகம் நெகட்டிவில் கெட்டியாக இருக்கும், நிழலில் ஒன்றுமே இருக்காது. ஃபில்ட்டரால் கான்ட்ராஸ்ட்டை மாற்றக்கூடிய மல்ட்டிகிரேட் பேப்பரில், மிக மென்மையான 00 ஃபில்ட்டரால் முகத்தின் சாயலைக் கொண்டுவந்து, மிகக் கடினமான 5-ஆம் எண் ஃபில்ட்டரால் பின்னணியைக் கருப்பாக்குவது கைகொடுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரியும் முகம் காய்ந்ததும் சாம்பல் தட்டும். எனவே எக்ஸ்போஷரை 8 முதல் 10 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் தவறுவது ஃபிக்சரில், அதாவது வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்தும் கரைசலில். நீண்ட ஆயுள் வேண்டுமென்றால், இல்ஃபோர்டு கணக்கில், ஒரு லிட்டர் ரேப்பிட் ஃபிக்சர் 8×10 ஃபைபர் பேப்பர் பத்துக்குத்தான் தாங்கும். 16×20 அதைப்போல நான்கு மடங்கு, ஆக லிட்டருக்கு இரண்டரை. 25 பிரிண்ட்டுக்குப் பத்து லிட்டர்! சிக்கனம் பார்த்தால் கரையாத வெள்ளி பேப்பரிலேயே தங்கி, பல வருடம் கழித்து வெள்ளைப் பகுதியில் மஞ்சள் ஏறும். 1+4 கரைசலில் (ஒரு பங்கு ஃபிக்சர், நான்கு பங்கு நீர்) ஒரு நிமிடம் போதும். அதற்குமேல் போனால் ஃபிக்சரில் உள்ள தயோசல்ஃபேட் பேப்பர் நாருக்குள் இறங்கிவிடும், கழுவி எடுப்பது பெரும்பாடு. பிறகு ஐந்து நிமிடம் கழுவி, பத்து நிமிடம் வாஷ்எய்டில் (ஃபிக்சர் சீக்கிரம் கழுவிப் போக உதவும் கரைசல்) வைத்து, மறுபடி ஐந்து நிமிடம் ஓடும் நீரில். செலீனியம் டோனர் கொடுத்தால் கருப்புக்கு ஆழமும் பாதுகாப்பும் கூடும். அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும், டோனருக்குப் பிறகு கழுவலும் முழுமையாக வேண்டும்.

வெள்ளிப் பக்கத்தின் உண்மையான பலவீனம் பேப்பர். கோடாக் 2005-ல் கருப்பு வெள்ளைப் பேப்பர் தயாரிப்பதை நிறுத்திவிட்டது; அதே ஆண்டில் அக்ஃபாஃபோட்டோ திவாலானது. எடிஷன் பாதியில் பேப்பர் மாறினால் எண் 4-ம் எண் 20-ம் ஒன்றுபோல இருக்காது. ஆகவே 25-க்கும் வேண்டிய பேப்பரை, வீணாவதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்து, ஒரே பேட்ச்சில் வாங்கி அடுத்தடுத்த நாட்களில் போட்டு முடித்துவிடுவது நல்லது.

நெகட்டிவில் எமல்ஷனே (படம் பதிந்த பூச்சு) உரிந்து போயிருந்தால் மட்டும் ஸ்கேன் செய்து பிக்மென்ட்டில் போடுங்கள். சான்றிதழில் 'பிக்மென்ட் பிரிண்ட்' என்ற சொல்லும் போட்ட ஆண்டும் தெளிவாக இருக்கட்டும். பளபளப்பில்லாத அந்த மேட் பேப்பரில் சட்டைக் கை உரசினாலே கருப்பில் கோடு விழும். ஒரு நாளாவது காயவிட்டுத்தான் ஃபிரேமுக்குள் வைக்க வேண்டும்; அவசரப்பட்டால் இங்க்கிலிருந்து வெளியேறும் கிளைக்கால் என்ற கரைப்பான் கண்ணாடியின் உள்பக்கம் பனிபோல் படியும்.