தரிசு உளுந்தில் மஞ்சள் தேமல்: வம்பன் 8 போடலாமா, ஆடுதுறை 3-க்கு மருந்தடிக்கலாமா?

சம்பா, தாளடி நெல் அறுப்புக்கு முன்பே மண் மெழுகுபோல் ஈரமாக இருக்கும் மெழுகுபதத்தில் உளுந்து விசிறும் டெல்டாக்காரர்களுக்கு இந்தக் கேள்வி வருடா வருடம் வரும். இரண்டும் உளுந்து ரகங்கள்; நான் வம்பன் 8 பக்கம் போய்விட்டேன். அதனால் பேச்சும் அந்தப் பக்கம்தான் சாயும், தெரிந்தே படியுங்கள்.

ஆடுதுறை 3 பழைய ரகம், 1981-இல் வந்தது. 70–75 நாளில் கைக்கு வரும், தரிசுக்குப் பழகியது, விதைக்கு அலைய வேண்டாம். வெள்ளை ஈ பரப்பும், இலையை மஞ்சளாக்கும் வைரஸ் நோயான மஞ்சள் தேமல் வந்தால் மட்டும் தாங்காது. வம்பன் 8 புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உருவாகி 2016-இல் வெளியானது. வயது ஏறக்குறைய அதேதான், தேமலைத் தாங்கும்.

மருந்தடித்துச் சமாளிக்கலாமே என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வெள்ளை ஈ, நோயுள்ள செடியில் சில நிமிடம் சாறு உறிஞ்சினாலே வைரஸ் அதன் உடம்பில் ஏறிவிடும். அப்புறம் பல நாளைக்குப் போகிற செடிக்கெல்லாம் பரப்பும். மருந்து ஈயைத்தான் கொல்லும், வைரஸை அல்ல. பக்கத்து வயலிலிருந்து வரும் ஈ, சாவதற்கு முன் நோயைக் கொடுத்துவிட்டே சாகும்.

"எப்படியும் பூக்கும்போது டிஏபி உரக் கரைசல் அடிக்கிறோம், அதோடு ஈ மருந்தையும் கலந்தால் கூலி மிச்சம்தானே?" என்று கேட்பார்கள். விளைச்சலைத் தின்பது பூப்பதற்கு முன் வரும் தேமல். இளம் பயிரில் தாக்கினால் அந்தச் செடியில் காய் பிடிப்பதே அரிது. பூத்த பின் வந்தால் இழப்பு குறைவு. ஆக, டிஏபியோடு அடிப்பது பிந்திய மருந்து. முந்தி அடிக்க வேண்டுமென்றால் தனி ஆள், தனித் தண்ணீர். மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் நம்பி வளர்கிற பயிர் இது. செலவு வைக்காததுதான் இதில் லாபமே. இரண்டு தடவை மருந்தடித்தால் அந்த லாபம் கூலிக்கும் மருந்துக்கும் போய்விடும்.

மருந்து வழியில் எனக்கு உடன்பாடு விதை நேர்த்திக்கு மட்டும். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை விதையோடு கலந்து விதைத்தால் முளைத்த முதல் சில வாரங்களுக்கு ஈயின் தொல்லை குறையும். கையில் ஆடுதுறை 3 தான் இருக்கிறதென்றால் இதையாவது செய்யுங்கள். மஞ்சளடித்த செடி ஒன்றிரண்டு தெரியும்போதே பிடுங்கிவிடுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஈ வந்துவிட்டதா என்று பார்க்க உதவும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

வம்பன் 8-ஐ நான் பார்த்ததெல்லாம் தை, மாசியில். குளிரில் ஈயும் குறைவு. சித்திரை வெயிலில் ஈ பெருகும்போது இதே தெம்போடு நிற்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. தேமலைத் தாங்குகிற ரகம் என்பதால் இலையில் வெள்ளைப் பொடி படிகிற சாம்பல் நோயும் வராது என்று இருந்துவிடக் கூடாது. பனிக் காலத்தில் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

சரி, விதைச் செலவு? முதல் வருடம்தான். வீரிய ஒட்டு இல்லை என்பதால் அடுத்த வருடத்துக்கு நம் வயலிலேயே எடுத்து வைக்கலாம். பழைய ரகம் கலந்திருந்தால் தேமல் வருகிற வருடத்தில் முதலில் மஞ்சளாவது அதுதான். விதைக்கு ஒதுக்கும் பாத்தியில் அப்படித் தெரிகிற செடிகளை அறுப்புக்கு முன்பே களைந்துவிடுங்கள்.