வாவி இறாலுக்கு ஏற்ற ஸ்பகெட்டி

மட்டக்களப்புக் கடையொன்றில் வாங்கிய, துரும் எனும் கடினவகைக் கோதுமையின் ரவையில் செய்த ஸ்பகெட்டியை வாவி இறாலும் கணவாயும் சேர்த்து உறைப்பாகச் சமைத்தபோது, அது சாதாரண கோதுமை மாப் பாஸ்தாவைப் போலக் குழையாமல், கடிபடும் பதத்தில் நின்றது. பொதியில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, ஒலிவ் எண்ணெயில் உள்ளியும் இடித்த செத்தல் மிளகாயும் தக்காளியும் வதங்கிய சட்டியில், அவித்த நீரில் ஓர் அகப்பை விட்டுப் பிரட்டினால், அந்நீரிலுள்ள மாச்சத்து எண்ணெயோடு கலந்து சாற்றை இழைகளில் ஒட்டவைக்கிறது. கணவாய்க்கு இரண்டு நிமிடச் சூடு போதும், மீறினால் இறப்பர்தான். கூடவே வாங்கிய போத்தல் சோஸ் நம் நாக்குக்கு மிகையான இனிப்பு, அதைத் தவிர்க்கலாம். சீஸ் தூவுவதும் வேண்டாம். கடலுணவுப் பாஸ்தாவில் இத்தாலியரே பெரும்பாலும் அதைச் சேர்ப்பதில்லை. விலை நூடில்ஸை விட அதிகமென்றாலும், நால்வருக்கு 400 கிராம் தாராளம்.